ஆடியோ மிக்சருக்குள் என்ன நடக்கிறது? கெயின் முதல் பழுது பார்ப்பது வரை

கெயின் குமிழைத் திருப்பினாலும் சத்தம் கூடுகிறது, ஃபேடர் என்ற நகர்த்தியை ஏற்றினாலும் சத்தம் கூடுகிறது. அப்படியானால் இரண்டும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன? பல ஒலிகளை ஒன்றாகக் கலக்கும் மிக்சர் முன்னால் முதன்முறை உட்காரும் யாருக்கும் வரும் கேள்வி இது. இதற்குத் தெளிவான பதில் கிடைப்பது அரிது. கூடவே, "பாலன்ஸ்டு கேபிள் போட்டால் இரைச்சலே வராது", "ஃபான்டம் பவர் போட்டால் சாதாரண மைக் போய்விடும்", "குமிழ் கரகரத்தால் ஸ்ப்ரே அடித்தால் போதும்" என்று பல பேச்சுகள் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை கலந்திருப்பதால் அவை எளிதில் சாவதில்லை.

மிக்சரின் சர்க்யூட்டை அடிப்படை அளவில் புரிந்துகொண்டால் இந்தக் குழப்பங்கள் எல்லாம் ஒரே இடத்தில் தீரும். எந்தக் குமிழ் எதற்கு என்பதும் விளங்கும், பழுது எங்கே இருக்கும் என்று யோசிக்கவும் வரும். எலக்ட்ரானிக்ஸ் படித்திருக்க வேண்டியதில்லை. வோல்டேஜ், ரெசிஸ்டர் என்ற இரண்டு சொற்கள் தெரிந்திருந்தால் போதும். இங்கே சொல்வது அனலாக் மிக்சரைப் பற்றி. டிஜிட்டலுக்கு எது பொருந்தும் என்பதை நடுவில் சொல்கிறேன்.

நடுவிலிருந்து தொடங்குவோம்: கூட்டல்

மிக்சரின் தலையாய வேலை கூட்டல். மைக் என்பது காற்றின் அதிர்வை வோல்டேஜாக மாற்றும் கருவி. நொடிக்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான முறை பூஜ்ஜியத்துக்கு மேலும் கீழும் ஆடும் அந்த வோல்டேஜைத்தான் சிக்னல் என்கிறோம். பத்து மைக் இருந்தால் பத்து வோல்டேஜ்கள். ஒவ்வொரு கணத்திலும் அந்தப் பத்தையும் கூட்டி ஒன்றாகத் தர வேண்டும், அவ்வளவுதான் மிக்சிங்.

கேட்க எளிதாக இருக்கிறது, செய்வதில்தான் சிக்கல். பத்து சர்க்யூட்களின் வெளியீட்டையும் நேராக ஒன்றோடு ஒன்று இணைத்தால் ஒவ்வொன்றும் மற்றதைத் தன் வோல்டேஜுக்கு இழுக்கப் பார்க்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெசிஸ்டர் போட்டு இணைத்தால் அந்தச் சண்டை குறையும். ஆனால் பத்து சேனல் (ஒவ்வொரு ஒலிக்குமான தனிப்பாதை) இருந்தால் ஒவ்வொரு சிக்னலும் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். ஒரு சேனலைக் கழற்றினால் மற்ற ஒன்பதின் அளவும் மாறும். போதாததற்கு, ஒரு சேனலின் ஒலி சேருமிடத்திலிருந்து பின்னோக்கி அடுத்த சேனலுக்குள்ளும் கசியும்.

பல வாய்க்கால்கள் ஒரு குழியில் வந்து விழுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். குழியில் நீர் ஏற ஏற, தாழ்வான வாய்க்கால்களில் தண்ணீர் எதிர்த்து ஏறும். இப்போது குழியில் ஒரு பம்பு வைக்கிறோம். எவ்வளவு நீர் வந்து விழுகிறதோ அவ்வளவையும் அது அந்தக் கணமே இறைத்துவிடுகிறது. குழியின் நீர்மட்டம் எப்போதும் அடியிலேயே நிற்கும். எந்த வாய்க்காலுக்கும் பக்கத்து வாய்க்கால் இருப்பதே தெரியாது. பம்பு எவ்வளவு இறைக்கிறது என்று பார்த்தால் மொத்தம் எவ்வளவு வந்தது என்பது தெரிந்துவிடும்.

மிக்சரில் அந்தக் குழிக்கு மிக்ஸ் பஸ் என்று பெயர். எல்லாச் சேனல்களும் ஆளுக்கொரு ரெசிஸ்டர் வழியாக வந்து சேரும் ஒற்றைக் கம்பி அது. பம்பின் இடத்தில் இருப்பது ஆப்-ஆம்ப். இரண்டு உள்ளீடுகள் கொண்ட ஒரு பெருக்கி ஐசி அது. இரண்டுக்கும் இடையில் துளி வித்தியாசம் வந்தாலும் அதைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கி வெளியே தள்ளும். அதன் வெளியீட்டை ஒரு ரெசிஸ்டர் வழியாக மைனஸ் உள்ளீட்டுக்கே திருப்பிக் கொடுத்தால், இரண்டு உள்ளீடுகளும் சமமாக இருக்கும்படி தன் வெளியீட்டை ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்கும். பிளஸ் உள்ளீட்டைக் கிரவுண்டில், அதாவது சர்க்யூட்டின் பூஜ்ஜிய வோல்ட் புள்ளியில் கட்டிவிட்டால், மைனஸ் உள்ளீடும் பூஜ்ஜியத்திலேயே நிற்கும். கிரவுண்டில் இணைக்காமலே கிரவுண்ட் போல நடந்துகொள்வதால் இந்த ஏற்பாட்டை வெர்ச்சுவல் எர்த் என்பார்கள்.

கணக்கும் எளிது. சேனல் ரெசிஸ்டர் 10 கிலோஓம், அதில் 1 வோல்ட் என்றால் பஸ்ஸுக்குள் 0.1 மில்லிஆம்பியர் பாய்கிறது. எல்லாச் சேனல்களின் கரண்ட்டும் ஒன்றாகச் சேர்ந்து திரும்பு ரெசிஸ்டர் வழியாகப் போகிறது. அதுவும் 10 கிலோஓம் என்றால் வெளியீட்டில் கிடைப்பது எல்லா வோல்டேஜ்களின் கூட்டுத்தொகை, ஆனால் தலைகீழாக. அடுத்து இன்னொரு ஆப்-ஆம்ப் அதை நிமிர்த்திவிடும்.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. ஆப்-ஆம்ப்புக்கு என்று உள்ளார்ந்த சிறு இரைச்சல் இருக்கிறது. இந்த ஏற்பாட்டில் அது சேனல்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிய அளவுக்குப் பெருகும். 24 சேனல் மிக்சரில் 25 மடங்கு. எல்லா ஃபேடரையும் இறக்கி, மொத்த ஒலிக்கான மாஸ்டரை மட்டும் ஏற்றினால் பெரிய மிக்சரில் மெல்லிய "ஸ்ஸ்" கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அதைப் பழுது என்று நினைத்துத் திறக்க வேண்டாம்.

இதுவரை பார்த்தது: மிக்சரின் இதயம் ஒரு கூட்டல் சர்க்யூட். சேனல்கள் ஒன்றை ஒன்று பாதிக்காமல் சேர்வதற்கு, சேருமிடத்தை ஆப்-ஆம்ப் பூஜ்ஜியத்திலேயே பிடித்து வைக்கிறது.

கூட்டுவதற்கு முன் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும்

வாய்க்கு அருகே பிடித்த சாதாரண டைனமிக் மைக் தருவது சுமார் 2 மில்லிவோல்ட். தொழில்முறைக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அளவு 1.23 வோல்ட். இதை லைன் லெவல் என்கிறோம். கருவிகளின் பின்புறம் +4 டிபியு என்று அச்சிட்டிருப்பது இதைத்தான். இரண்டுக்கும் இடையில் 600 மடங்கு இடைவெளி. இரண்டையும் அப்படியே கூட்டினால் மைக் இருந்த இடம் தெரியாது.

இவ்வளவு பெரிய விகிதங்களைச் சொல்வதற்குத்தான் டெசிபல். வோல்டேஜில் 6 டெசிபல் என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு, 20 என்றால் பத்து மடங்கு, 60 என்றால் ஆயிரம் மடங்கு. மைக்கை லைன் லெவலுக்குக் கொண்டுவரச் சுமார் 56 டெசிபல் பெருக்கம் தேவை. அந்தப் பெருக்கத்தைத் தருவது சேனலின் முதல் பகுதியான ப்ரீஆம்ப். அதைக் கட்டுப்படுத்துவதுதான் கெயின் குமிழ்.

ஆக, கெயினும் ஃபேடரும் வேறு வேறு வேலைக்காரர்கள். உள்ளே வரும் சிக்னல் எந்த அளவில் இருந்தாலும் அதை மிக்சரின் உள் அளவுக்குக் கொண்டுவருவது கெயின். அப்படி வந்த பிறகு, மற்றவற்றோடு ஒப்பிட்டு இது எவ்வளவு கேட்க வேண்டும் என்று தீர்மானிப்பது ஃபேடர்.

கெயினைக் குறைத்து வைத்துவிட்டு மாஸ்டரில் ஏற்றிக்கொண்டால் என்ன? காதுக்கு அதே சத்தம் கிடைக்கும், உண்மைதான். ஆனால் கூடவே இரைச்சல் வரும். ப்ரீஆம்ப்புக்குப் பின்னால் உள்ள சர்க்யூட்கள் எல்லாம் சேர்ந்து 20 மைக்ரோவோல்ட் இரைச்சல் சேர்க்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சிக்னல் 1 வோல்ட்டில் இருந்தால் இரைச்சலைவிட அது 50,000 மடங்கு பெரிது, யாருக்கும் கேட்காது. கெயினை 30 டெசிபல் குறைத்துவிட்டால் சிக்னல் சுமார் 30 மில்லிவோல்ட்தான். விகிதம் 1,500 ஆகிவிடும். மாஸ்டரில் ஏற்றும்போது சிக்னலோடு அந்த இரைச்சலும் சேர்ந்தே ஏறும். ஒருமுறை கலந்த இரைச்சலைப் பின்னால் உள்ள எந்தக் குமிழாலும் பிரிக்க முடியாது. அதனால்தான் ப்ரீஆம்ப்பை வடிவமைப்பதில் அவ்வளவு கவனம் எடுக்கிறார்கள்.

எவ்வளவு நல்ல ப்ரீஆம்ப் என்றாலும் இயற்கை ஓர் எல்லை போட்டிருக்கிறது. எந்த மின்தடையிலும் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் அலைந்துகொண்டே இருக்கும், அதுவே ஓர் இரைச்சல். 150 ஓம் மைக் ஒன்று சாதாரண அறை வெப்பத்தில், காது கேட்கும் 20 கிலோஹெர்ட்ஸ் வரையிலான பரப்பில், சும்மா இருந்தாலே சுமார் 0.22 மைக்ரோவோல்ட் இரைச்சல் தரும். நல்ல மிக்சரின் ப்ரீஆம்ப் இந்த எல்லைக்குச் சில டெசிபல் அருகிலேயே வந்துவிடுகிறது. இதற்காகவே பல மிக்சர்களில் ஆப்-ஆம்ப்புக்கு முன்னால் இரைச்சல் குறைந்த இரண்டு டிரான்சிஸ்டர்களை வைக்கிறார்கள்.

மேல் எல்லை எங்கே இருக்கிறது

கீழே இரைச்சல் என்றால் மேலே கிளிப்பிங். ஆப்-ஆம்ப் தனக்குக் கொடுக்கும் மின்சப்ளையைத் தாண்டி வெளியே தள்ள முடியாது. சப்ளை பிளஸ் 15, மைனஸ் 15 வோல்ட் என்றால் சிக்னலின் உச்சி சுமார் 13 வோல்ட் வரைதான் போகும். அதற்கு மேல் அலையின் தலை வெட்டப்பட்டுத் தட்டையாகிவிடும். காதுக்கு அது கிழிந்த ஒலி. லைன் லெவலுக்கும் இந்த எல்லைக்கும் இடையில் 17 டெசிபல் சொச்சம் இருக்கிறது. எதிர்பாராமல் வரும் உரத்த ஒலிக்காக விட்டுவைத்த இந்த இடைவெளியை ஹெட்ரூம் என்பார்கள்.

பலரும் தடுமாறும் இடம் ஒன்று இங்கே உண்டு. சேனலில் ஒலி கிழிகிறது என்றதும் கை தானாக ஃபேடருக்குப் போகும். ஆனால் கிழிந்தது ப்ரீஆம்ப்பில் என்றால், ஃபேடரை இறக்கினால் கிழிந்த ஒலியே குறைந்த சத்தத்தில் கேட்கும். கெயினைத்தான் குறைக்க வேண்டும். பாஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவிலும் இதே கதை: பாஸ் குமிழை 12 டெசிபல் ஏற்றினால் அந்தப் பகுதி நான்கு மடங்கு ஆகிறது, ஹெட்ரூமில் பெரும்பங்கு போய்விட்டது. பிஎஃப்எல் என்ற பட்டன் இருப்பது இதற்காகத்தான். ஃபேடருக்கு முன்னால் சிக்னல் எந்த அளவில் இருக்கிறது என்பதை மீட்டரில் காட்டும். கெயின் வைக்கும்போது அதை அழுத்தாமல் வைப்பது குருட்டாம்போக்கு.

டிஜிட்டல் மிக்சரிலும் முதல் பகுதி இதே அனலாக் ப்ரீஆம்ப்தான். அதன்பின் சிக்னல் எண்களாக மாறிவிடுகிறது. கூட்டல் உண்மையிலேயே எண் கூட்டலாக நடக்கிறது. கெயின் விதி அப்படியே பொருந்தும். மாற்றியின் உச்ச எண்ணைத் தாண்டினால் அங்கேயும் அலை வெட்டுப்படும்.

சுருக்கமாக: கீழே இரைச்சல், மேலே கிளிப்பிங். இரண்டுக்கும் நடுவில், பாதுகாப்பான உயரத்தில், சிக்னலை முதல் கட்டத்திலேயே நிறுத்திவைப்பது கெயினின் வேலை.

பாலன்ஸ்டு என்றால் உண்மையில் என்ன

2 மில்லிவோல்ட் சிக்னல் முப்பது மீட்டர் கேபிளில் வருகிறது. வழியெல்லாம் மின்கம்பிகள், விளக்குகள், டிம்மர்கள். இவற்றின் இரைச்சல் கேபிளில் ஏறாமல் இருக்காது. ஏறிய பிறகு அதை எப்படி விலக்குவது என்பதுதான் கேள்வி.

எக்ஸ்எல்ஆர் என்ற மைக் இணைப்பில் மூன்று பின்கள்: 1 ஷீல்டு (கம்பிகளைச் சுற்றிய உலோக உறை), 2 ஹாட், 3 கோல்டு. ஹாட், கோல்டு இரண்டு கம்பிகளும் ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொண்டு வருவதால் வெளி இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறுகிறது. மிக்சரின் உள்ளீடு இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. இரண்டிலும் பொதுவாக இருப்பது கழிந்துவிடும்.

"இரண்டு கம்பியிலும் நேர்-எதிர் சிக்னல் வருவதுதான் பாலன்ஸ்டு" என்று சொல்லிக்கொடுப்பது வழக்கம். அது அவசியமே இல்லை. உண்மையான நிபந்தனை வேறு: இரண்டு கம்பிகளுக்கும் கிரவுண்டுக்கும் இடையிலுள்ள மின்தடை சமமாக இருக்க வேண்டும். அது சமமாக இருந்தால்தான் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறும், முழுதாகக் கழியும். பல மிக்சர்களின் வெளியீட்டில் ஹாட்டில் மட்டுமே சிக்னல் இருக்கும். கோல்டில் அதே மதிப்புள்ள ஒரு ரெசிஸ்டர் மட்டும் கிரவுண்டுக்குப் போகும். இரைச்சலைத் தள்ளுவதில் அதற்கு எந்தக் குறையும் இல்லை.

பழுது பார்ப்பவர்களுக்கு இது மிக முக்கியம். உள்ளீட்டில் ஒரு பக்க ரெசிஸ்டர் மட்டும் மதிப்பு மாறிவிட்டாலோ, ஒரு பக்க கெப்பாசிட்டர் மட்டும் கெட்டுவிட்டாலோ, ஒலி நன்றாகவே வரும். ஆனால் அந்தச் சேனலில் மட்டும் ஹம் என்ற ரீங்கார இரைச்சல் ஏறும். கேபிளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குற்றவாளி உள்ளே இருப்பார்.

மைக் கேபிள் வழியாகவே மைக்குக்கு மின்சாரம் அனுப்பும் ஃபான்டம் பவரும் இதே சமநிலையை நம்பித்தான் நிற்கிறது. கண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட், ஹாட்டுக்கும் கோல்டுக்கும் ஆளுக்கொரு 6.8 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாகப் போகிறது. அந்த இரண்டு ரெசிஸ்டர்களும் ஒன்றுக்கொன்று 0.4 சதவீதத்துக்குள் ஒத்திருக்க வேண்டும் என்பது தரநிலை. டைனமிக் மைக்கின் சுருளுக்கு இரண்டு முனைகளிலும் ஒரே வோல்டேஜ் என்பதால் அதன் வழியாகக் கரண்ட் பாயாது, கெடுதலும் வராது. கேபிளில் ஒரு கம்பி ஷார்ட் ஆகியிருந்தால் நிலைமை வேறு. மெலிந்த உலோக நாடா உள்ள ரிப்பன் மைக்கை அப்படி ஒரு கேபிளில் மாட்டுவது ஆபத்துதான். பயப்பட வேண்டியது கெட்ட கேபிளுக்கு.

இந்த 48 வோல்ட் ப்ரீஆம்ப்புக்குள் நுழையாமல் தடுப்பது இரண்டு கெப்பாசிட்டர்கள். ஆடும் சிக்னலை விட்டு, ஆடாத நேர்மின்னழுத்தத்தை மட்டும் மறிப்பது அவற்றின் குணம். இவற்றைப் பின்னால் மீண்டும் சந்திப்போம்.

மீதிச் சேனல், விரைவாக

ப்ரீஆம்ப்பைத் தாண்டினால் இன்சர்ட் ஜாக். கம்ப்ரசர் போன்ற வெளிக்கருவிக்குச் சிக்னலை அனுப்பித் திரும்ப வாங்கும் இடம். எதுவும் மாட்டாதபோது ஜாக்கின் உள்ளே உள்ள சிறு தகடு சிக்னலை நேராக அடுத்த கட்டத்துக்குக் கடத்தும்.

அடுத்து ஈக்யூ. பாஸ், ட்ரெபிள் குமிழ்களின் அடிப்படை, 1952-ல் பீட்டர் பாக்சண்டால் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வெளியிட்ட சர்க்யூட்டிலிருந்து வருகிறது. ஆப்-ஆம்ப்பைச் சுற்றித் திரும்பி வரும் சிக்னலை கெப்பாசிட்டர்களால் அலைவரிசை வாரியாகப் பிரித்து, குமிழ் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அதற்கேற்ப அந்தப் பகுதியைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. நடுவில் நிறுத்தினால் எந்த மாற்றமும் இல்லை.

ஃபேடர் என்பது நீளவாக்கில் நகரும் ஒரு மின்தடைப் பட்டை. அதனால் குறைக்க மட்டுமே முடியும். அப்படியானால் 0 குறிக்கு மேல் +10 என்று எழுதியிருப்பது எப்படி? 0 குறியில் ஃபேடர் 10 டெசிபல் குறைத்துத்தான் கொடுக்கிறது. அதற்குப் பின்னால் உள்ள ஆப்-ஆம்ப் அந்த 10-ஐத் திரும்பக் கூட்டிவிடுகிறது. ஃபேடரை முழுதாக ஏற்றும்போது கிடைப்பது அந்த மிச்சம். 0 குறியைச் சுற்றித்தான் டெசிபல் கோடுகள் அகல இடைவெளியில் இருக்கும், நுணுக்கமாக நகர்த்த முடியும். கெயினைச் சரியாக வைத்து ஃபேடர்களை அந்தப் பகுதியில் வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகவும்தான்.

ஆக்ஸ் குமிழ் ஒவ்வொன்றும் இன்னொரு பஸ்ஸுக்கு ஒரு வழி. ஃபேடருக்கு முன்னாலிருந்து எடுத்தால் ப்ரீ, பின்னாலிருந்து எடுத்தால் போஸ்ட். மேடை மானிட்டருக்கு ப்ரீ, எக்கோவுக்குப் போஸ்ட். அவ்வளவுதான்.

பழுது: முதலில் எங்கே என்று கேளுங்கள், அப்புறம் என்ன என்று

திறப்பதற்கு முன்னால் பாதி வேலையைக் காதாலேயே முடித்துவிடலாம். ஒரே ஒரு சேனலில் கோளாறு என்றால் அது அந்தச் சேனலின் சர்க்யூட்டுக்குள் இருக்கிறது. எல்லாச் சேனல்களும் நன்றாக இருந்து ஒரு வெளியீடு மட்டும் சரியில்லை என்றால் அந்த பஸ்ஸின் கூட்டல் சர்க்யூட்டையோ அதற்குப் பிந்திய பகுதியையோ பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் கோளாறு என்றால் பவர் சப்ளை.

இப்போது பாதுகாப்பு. கழற்றுமுன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்விட்ச் மோட் சப்ளை உள்ள மிக்சரில், 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடியது என்றால், முதல் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் வரை பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தேங்கி நிற்கலாம். மீட்டரால் அளந்து பார்க்காமல் கை வைக்கக் கூடாது. ஹம் போகிறது என்பதற்காகப் பிளக்கின் எர்த் பின்னைத் துண்டிப்பது உயிரைப் பணயம் வைக்கிற காரியம். உள்ளே ஏதாவது கம்பி பெட்டியில் பட்டுவிட்டால் மைக்கைப் பிடித்திருப்பவர் வழியாகத்தான் மின்சாரம் இறங்கும்.

திறந்ததும் முதலில் அளக்க வேண்டியது மூன்று வோல்டேஜ்கள்: பிளஸ் சப்ளை, மைனஸ் சப்ளை, 48 வோல்ட். இவை சரியில்லாமல் வேறு எங்கே தேடினாலும் நேரம் வீண். மைனஸ் சப்ளை மட்டும் போய்விட்டால்கூட எல்லா ஆப்-ஆம்ப்பும் ஒரு பக்கம் சாய்ந்து, ஒலி மெலிந்து கிழிந்து கேட்கும். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாச் சேனலும் ஒரே நாளில் கெட்டது போலத் தோன்றும்.

ஹம்மின் சுருதியும் ஒரு துப்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில், டிரான்ஸ்ஃபார்மர் உள்ள சப்ளையின் வடிகட்டிக் கெப்பாசிட்டர் உலர்ந்துவிட்டால் வருவது 100 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 120. ரெக்டிஃபயர் அலையின் இரண்டு பாதிகளையும் ஒரே பக்கம் திருப்புவதால் எண்ணிக்கை இரட்டிப்பாகிறது. அதைவிடக் கனமாக, 50 ஹெர்ட்ஸில் கேட்டால் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது: இரண்டு கருவிகளின் கிரவுண்டுகளுக்கு இடையே ஷீல்டு வழியாகப் பாயும் கரண்ட், அல்லது அருகிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம். அந்த ஷீல்டு கரண்ட் எக்ஸ்எல்ஆரின் 1-ஆம் பின்னிலிருந்து நேரே உலோகப் பெட்டிக்குப் போக வேண்டும். போர்டின் கிரவுண்டுக்குள் நுழைந்தால் ஹம் நிச்சயம். ஒலிப் பொறியாளர் நீல் மன்சி 1995-ல் இதை விரிவாக எழுதிய பிறகு இதற்கு "1-ஆம் பின் பிரச்சினை" என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஜாக்கை மாற்றும்போது இந்த இணைப்பையும், பெட்டியோடு இறுக்கும் நட்டையும் பழையபடியே வைக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

பாதியாகப் பிரித்துக்கொண்டே போவது

ஒரு சேனல் மட்டும் ஊமையாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலிலிருந்து ஒவ்வோர் உறுப்பாகச் சோதிக்கத் தேவையில்லை. நடுவில் ஒரு சோதனைப் புள்ளி தயாராக இருக்கிறது: இன்சர்ட் ஜாக். உள்ளீட்டில் 1 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் கொடுத்து இன்சர்ட்டின் அனுப்பு முனையில் பாருங்கள். வருகிறது என்றால் ப்ரீஆம்ப் நலம், கோளாறு பின்பாதியில். பின்பாதியை மீண்டும் நடுவில் பிரித்து, ஈக்யூவின் வெளியீட்டில் பாருங்கள். ஒவ்வொரு சோதனையும் தேடும் பரப்பைப் பாதியாக்குகிறது.

அதற்கும் முன்னால் இன்சர்ட் ஜாக்கிலேயே ஒரு பிளக்கைச் சில முறை மாட்டி மாட்டிக் கழற்றிப் பாருங்கள். உள்ளே இருக்கும் அந்தச் சிறு தகடு ஆக்சைடு படிந்து தொடர்பு விட்டிருப்பது மிகச் சாதாரணமான பழுது. ஒலி விட்டுவிட்டு வருவது, உரக்கப் பேசினால் மட்டும் திடீரென வருவது எல்லாம் இதன் அடையாளம். சேனல் செத்துவிட்டது என்று ஒதுக்கிய எத்தனையோ மிக்சர்களுக்கு இந்த ஒரு நிமிட வைத்தியம் போதும்.

ஆப்-ஆம்ப்பைச் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம், மல்டிமீட்டர் போதும். 5532, டிஎல்072 போன்ற எட்டுக்கால் இரட்டை ஆப்-ஆம்ப்பில் 8-ஆம் கால் பிளஸ் சப்ளை, 4-ஆம் கால் மைனஸ் சப்ளை, 1, 7 வெளியீடுகள். சிக்னல் இல்லாதபோது வெளியீட்டில் நேர்மின்னழுத்தம் பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும். 13 வோல்ட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த ஐசியோ அதைச் சுற்றியுள்ள ஏதோ ஒன்றோ கெட்டிருக்கிறது. சந்தேகம் வந்தால் பக்கத்துச் சேனலில் அதே புள்ளியை அளந்து பாருங்கள். சர்க்யூட் வரைபடம் கிடைக்காத மிக்சரில்கூட, நல்ல நிலையில் உள்ள அடுத்த சேனல்தான் உங்களுக்கு வரைபடம்.

கரகரப்பு எல்லாம் தூசியல்ல

குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் தூசி என்று முடிவுகட்டி ஸ்ப்ரேயை எடுப்பார்கள். தூசியாகவும் இருக்கலாம். ஆனால் குமிழின் மேல் நேர்மின்னழுத்தம் ஏறியிருந்தாலும் இதே கரகரப்பு வரும். சுத்தமான குமிழின் தொடுமுனையும் நகரும்போது படிப்படியாகத்தான் நகர்கிறது. வோல்டேஜ் இருந்தால் ஒவ்வொரு படியும் ஒரு "டக்". அந்த வோல்டேஜ் எங்கிருந்து வருகிறது? கசியத் தொடங்கிய கெப்பாசிட்டரிலிருந்து. ஃபான்டம் போட்டால் மட்டும் கெயின் குமிழ் கரகரக்கிறது என்றால் முன்பு சொன்ன அந்த இரண்டு மறிக்கும் கெப்பாசிட்டர்களைச் சந்தேகியுங்கள். மாற்றும்போது 63 வோல்ட் தாங்குவதாகப் போடுங்கள். 48 வோல்ட் இடத்தில் 50 வோல்ட் கெப்பாசிட்டர் மிக நெருக்கம். பிளஸ், மைனஸ் முனைகளையும் பார்த்துப் போடுங்கள்.

ஸ்ப்ரே அடிப்பதாக இருந்தால் ஃபேடருக்கு என்று உள்ளதை மட்டும். எண்ணெய்ப் பசையைக் கரைக்கும் ஸ்ப்ரே ஃபேடரின் கிரீஸையும் கழுவிவிடும். சில நாள் நன்றாக இருந்து, பிறகு முன்பைவிட மோசமாகும்.

எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்களின் உள்ளே ஒரு திரவம் இருக்கிறது, வெப்பத்தில் அது மெல்ல உலர்ந்துபோகும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது நடைமுறைக் கணக்கு. எனவே சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க்கை ஒட்டி நிற்பவைதான் முதலில் போகும். வெளியே உப்பியிருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. பழைய மிக்சர் என்றாலே எல்லா கெப்பாசிட்டரையும் மாற்றிவிட வேண்டும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. நூற்றுக்கணக்கான பற்றவைப்புகளைச் சூடாக்கிப் பிரிக்கும்போது போர்டின் செப்புத் தடம் பெயர்ந்து வருவது மிக எளிது. பவர் சப்ளையில் உள்ளவற்றை மாற்றுங்கள். மற்றவற்றை அளந்து, கெட்டதை மட்டும் மாற்றுங்கள்.

மிச்சம் இருப்பவை இயந்திரக் கோளாறுகள்: பிளக்கை இழுத்து இழுத்து ஜாக்கின் அடியில் விரிசல் விட்ட பற்றவைப்பு, போர்டுகளை இணைக்கும் ரிப்பன் கேபிளின் தளர்ந்த தொடர்பு. இவை குளிர்ந்திருக்கும்போது நன்றாக வேலை செய்து, சூடேறியதும் விட்டுப்போகும். அதனால் சரிசெய்து மூடியதும் வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். மிக்சரைச் சில மணி நேரம் ஓடவிட்டு, எல்லாச் சேனலிலும் சிக்னல் கொடுத்து, பிளாஸ்டிக் பிடியுள்ள ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தால் ஜாக்குகளின் அருகே மெல்லத் தட்டிக்கொண்டே கேளுங்கள். எந்தத் தட்டுக்கு ஒலி துள்ளுகிறதோ அந்த இடத்தில் இன்னும் ஒரு பற்றவைப்பு பாக்கி இருக்கிறது.